கை நிமிர்ந்தால் போதுமா?



நமது மருத்துவமனையைப் பார்க்க வரும் நண்பர்கள் பலர் தச்சுப்பட்டறையின் முன் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. உள்ளே தொழுநோய் சிகிச்சை முடித்த இளைஞர்கள் இழைப்புளி தள்ளுகிறார்கள். அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடுகிறது. சுவரில் தொங்கும் கால அட்டவணையில் காலை ஜெபம், கை கால் சோதனை, தொழில் வகுப்பு, கணக்கு, விளையாட்டு, மாலைக் கூட்டம் என்று எழுதியிருக்கிறது. "நாங்கள் மருந்துக்கும் கட்டிலுக்கும்தானே காணிக்கை அனுப்பினோம், மருத்துவமனைக்குப் பட்டறை எதற்கு? பட்டறை வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் கணக்கும் விளையாட்டும் எதற்கு?" என்று சிலர் மனம் திறந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வது நம் கடமை.

மருந்து செய்வதும் செய்யாததும்

தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகும் கிருமி. அது தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் உணர்ச்சி குறையும். உள்ளங்கையின் சிறு தசைகள் இளைத்து அந்த விரல்கள் மடங்கிக்கொள்ளும். காலின் நரம்பு கெட்டால் பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின் நிலைமை வெகுவாக மாறியது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மருந்து உட்கொண்டால் நோய் குணமாகிறது. மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நின்றுவிடுகிறது. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

ஆனால் நெடுநாள் கெட்டுக் கிடந்த நரம்பை மாத்திரை திரும்பக் கொண்டுவராது. தாமதமாக வரும் இளைஞனுக்கு நோய் போய்விடும். மடங்கிய விரலும் மரத்த பாதமும் தங்கிவிடும். அவற்றோடு ஊராரின் பார்வையும் தங்கிவிடும். பட்டறையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

வேலூரில் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை நமக்கு முன்பே கற்றவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் வந்து சேர்ந்தார். செங்கற்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. செத்துப்போனது என்று எல்லோரும் நினைத்த கைக்குள் இத்தனை பலம் இருக்கிறதே என்று யோசித்தார்.

முன்கையின் தசைகள் பல நல்ல நிலையில் இருப்பதை ஆராய்ந்து கண்டார்கள். அப்படிப்பட்ட ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் விரல்கள் மறுபடியும் நிமிரும். 1940களின் இறுதியில் இந்த அறுவை சிகிச்சை வேலூரில் தொடங்கியது. பல மாதப் பயிற்சிக்குப் பின் நோயாளி அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டான். அந்நாட்களில் இது சிறிய காரியமல்ல.

பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கை சரியான ஒருவர் சில காலம் கழித்து மகிழ்ச்சியில்லாமல் திரும்பி வந்தார். இந்தக் கை பிச்சைக்கு உதவாத கை என்பது அவருடைய முறையீடு. முன்பு மடங்கிய விரல்களைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருந்ததால் வேலை கொடுப்பாரும் இல்லை, குடியிருக்க இடம் கொடுப்பாரும் இல்லை. நல்ல கையோடு அவர் முன்பைவிட அதிகமாகப் பட்டினி கிடந்தார்.

இந்த முறையீட்டை டாக்டர் பிராண்ட் மறக்கவில்லை. அறுவை சிகிச்சை ஒரு கதவை மூடிவிட்டது. வேறொரு கதவைத் திறந்து வைக்காவிட்டால் செய்த சிகிச்சையே அந்த மனிதனுக்குப் பாரமாகிவிடும் என்று உணர்ந்தார்.

நவஜீவ நிலையம்

வயதான மிஷனெரி அம்மையார் ஒருவர் கொடுத்த காணிக்கையைக் கொண்டு, 1950ஆம் ஆண்டையொட்டி, கல்லூரி வளாகத்திலேயே ஒரு சிறு கிராமம் போல வீடுகள் எழுந்தன. அதற்கு நவஜீவ நிலையம் என்று பெயர். அறுவை சிகிச்சை பெற்ற வாலிபர்களும் சிறுவர்களும் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். மருத்துவரும் மாணவரும் நடமாடும் வளாகத்திற்குள் அவர்கள் குடியிருந்ததே பலருடைய பயத்தைத் தெளிய வைத்தது.

முக்கியமாகத் தச்சுவேலை கற்பித்தார்கள். மரப்பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் செய்தார்கள். இதில் ஆண்டவருடைய நடத்துதல் ஒன்று உண்டு. டாக்டர் பிராண்ட் மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சும் சில ஆண்டுகள் கற்றவர். தகப்பனாரைப் போல மலைநாட்டில் ஊழியம் செய்ய அது உதவும் என்று எண்ணிக் கற்றார். மருத்துவராகிவிட்டபின் வீணாய்ப் போனதாகத் தோன்றிய அந்தப் பயிற்சி, நவஜீவ நிலையத்துப் பையன்களுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது பயன்பட்டது.

கற்ற கையில் வந்த புண்கள்

வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் புண்கள் வந்துகொண்டேயிருந்தன. தொழுநோயாளியின் சதை தானாகவே அழுகி விழுகிறது என்பதுதான் அக்காலத்து நம்பிக்கை. அப்படியானால் தொழில் கற்பித்து என்ன பயன்?

ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியோடு டாக்டர் போராடிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் வந்து, நான் திறக்கிறேன் என்று வாங்கி, ஒரே திருப்பில் திறந்துவிட்டான். கீழே இரத்தம் சொட்டுவதை டாக்டர் பார்த்தார். சாவி சிறுவனின் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவேயில்லை. நமக்கு வலி எச்சரிப்பதால் கையைத் தளர்த்துகிறோம். எச்சரிப்பார் இல்லாத கை தன்னையே உடைத்துக்கொள்கிறது.

அதற்குப்பின் நிலையத்தில் துப்பறியும் வேலை தொடங்கியது. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியல் பிடியின் சிலாம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரம், மிகையாக இறுக்கிய பிடி என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. இரவில் தூங்கும்போது சிலருக்கு விரல் நுனி காணாமல் போனது ஏன் என்று கண்விழித்துப் பார்த்தால், எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. வலியில்லாததால் தூங்குகிறவர் விழிப்பதில்லை. அதற்காகப் பூனைகள் வளர்த்தார்கள். வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

புண்ணுக்குக் காரணம் தெரிந்தபின் வழியும் தெரிந்தது. உளிக்கும் சுத்தியலுக்கும் பிடி மாற்ற வேண்டும். நாள்தோறும் கைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் வீடு திரும்பியபின் யார் பார்ப்பது? அவனவனே பார்க்க வேண்டும். வலி சொல்லித்தரும் எச்சரிக்கையைக் கண்ணும் பழக்கமும் சொல்லித்தர வேண்டும். இது மருத்துவர் கொடுக்கக்கூடிய மருந்தல்ல, தச்சாசிரியர் கற்றுக்கொடுக்கும் வித்தையுமல்ல. தன் சரீரம் காப்பாற்றத் தகுந்தது என்று ஓர் இளைஞன் நம்பினால்தான் அதை நாள்தோறும் பார்ப்பான். ஊரார் ஒதுக்கிவைத்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கை தானாக வராது. அதை வளர்க்க வேண்டியிருக்கிறது.

தொழிலோடு ஆளையும் வளர்ப்பது

இளைஞர் வளர்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான். தொழிற்பயிற்சி முடிந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்துக்கொள்ளும் உபரிப் பாடமாக அதைப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே பட்டறையில், ஒரே ஆசிரியரின் கண்முன் நடந்தால்தான் பலன் உண்டு.

திருச்சபை வரலாற்றில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோ என்னும் கத்தோலிக்கக் குரு, கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த பையன்களைப் பட்டறைகளில் சேர்த்துவிட்டார். அப்படிச் சேர்க்கும்போது முதலாளியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டார். தச்சுவேலை கற்கும் ஒரு பையனுக்காக 1852இல் எழுதிய ஒப்பந்தம் புகழ்பெற்றது. தொழிலைத்தான் கற்பிக்க வேண்டும், வீட்டு ஏவலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தவறு செய்தால் வார்த்தையால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஓய்வுநாட்களில் ஓய்வு வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை வேண்டும். இவை போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. கூலியோடு பையனின் நடத்தையும் மரியாதையும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து நம் நாட்டிலும் அந்தப் பணியைத் தொடங்கினார்கள்.

பட்டறையில் நடப்பது என்ன?

நமது பட்டறையில் இதை நடத்தும் முறையைப் படிப்படியாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, தொழிலைத் தெரிந்தெடுத்தல். இளைஞனின் கையையும் காலையும் பிசியோதெரபி பிரிவினர் சோதிக்கிறார்கள். உள்ளங்கை மரத்தவனை வெல்டிங்கிற்கு அனுப்ப முடியாது. சூடு அவனுக்குத் தெரியாது. பாதம் மரத்தவன் நாள் முழுதும் நின்று செய்யும் வேலையை எடுக்கலாகாது. அத்துடன் அவன் ஊரில் எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறது என்று விசாரிக்கிறோம். விற்பனைக்கு வழியில்லாத தொழிலைக் கற்றவன் மறுபடியும் திண்ணையில்தான் உட்காருவான்.

இரண்டாவது, காலைச் சோதனை. வேலை தொடங்குமுன் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கையையும் காலையும் மற்றவர் பார்க்கிறார்கள். சிவந்த இடம், சூடான இடம், கொப்புளம் இருந்தால் நோட்டில் எழுதி, அதற்கு எந்தக் கருவி காரணம் என்று இருவருமாகத் தேடுகிறார்கள். தீண்டப்படாமல் வளர்ந்த பிள்ளையின் பாதத்தை இன்னொரு பிள்ளை கையில் எடுத்துப் பார்ப்பது எத்தனை பெரிய பிரசங்கம் என்பதை நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

மூன்றாவது, கணக்கு. மரத்தின் விலை, ஆணியின் விலை, கூலி, லாபம் எல்லாவற்றையும் மாணவனே எழுதுகிறான். அஞ்சலக சேமிப்புக் கணக்கும் அவன் பெயரிலேயே திறக்கப்படுகிறது.

நான்காவது, மாலைக் கூட்டம். விடுதியின் சமையல், துப்புரவு, சண்டை சச்சரவு ஆகியவற்றை இளைஞர்களே பேசித் தீர்க்கிறார்கள். தலைவன் மாதந்தோறும் மாறுவான். பேசவே கூசியவன் கூட்டத்தை நடத்தப் பழகுகிறான். விளையாட்டுக்கும் இதே நோக்கம் உண்டு. ஜெபம் யாருக்கும் கட்டாயமில்லை; விரும்பி வருகிறவர்கள் வருகிறார்கள்.

ஐந்தாவது, வேலையில் அமர்த்திய பின் சென்று பார்த்தல். நமது சமூக ஊழியர் முதல் ஆண்டில் சில முறையாவது அவனுடைய வேலைத்தலத்திற்கும் வீட்டிற்கும் போகிறார். இதற்குத்தான் பஸ் செலவு என்று கணக்கில் எழுதுகிறோம்.

செருப்பும் வாயும்

இந்த ஐந்தாவது படி ஏன் தேவை என்பதற்கு ஒரு தம்பியின் வரலாறு போதும். பெயர் வேண்டாம். வேறோர் இடத்தில் தையல் கற்று நல்ல கெட்டிக்காரன் என்று பெயரெடுத்து, நகரத்துத் தையலகம் ஒன்றில் சேர்ந்தான். அங்கே செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது வழக்கம். அவனோ பாதம் மரத்தவன், மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றக் கூடாதவன். உள்ளேயும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தான். வெறும் காலால் மிஷினை மிதித்தான். புண் வந்தது. அதையும் மறைத்தான். நம்மிடம் வந்து சேர்ந்தபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவனுடைய தையலில் குறையொன்றும் இல்லை. முதலாளியின் முன் நின்று, "அண்ணாச்சி, எனக்குக் காலில் உணர்ச்சி இல்லை, செருப்பு போட்டுத்தான் மிதிக்க வேண்டும்" என்று சொல்லும் தைரியத்தை அவனுக்கு யாரும் பழக்கவில்லை. வார்டில் இருந்த வாரங்களில் மற்ற இளைஞர்களோடு மாலைக் கூட்டத்தில் அவனையும் உட்கார வைத்தோம். ஒருவன் முதலாளியாக நடிக்க, இன்னொருவன் கேட்க, அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்கள். பின்பு சமூக ஊழியரும் அவனும் மருத்துவரின் கடிதத்தோடு தையலகத்திற்குப் போனார்கள். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "இது மற்றவங்களுக்குத் தொத்துமா?" தொற்றாது என்று தெரிந்ததும் செருப்புக்கும் சம்மதித்தார், வேலைக்கும் சம்மதித்தார்.

எல்லா முதலாளிகளும் இப்படியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்கவே பயந்தவனுக்கு நல்ல முதலாளி கிடைத்தும் பயனில்லாமல் போகிறது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

இன்றைய நிலை

தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே என்று நினைக்கிறவர்கள் உண்டு. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நமது நாடு 2005ஆம் ஆண்டின் இறுதியில் எட்டியது உண்மை. ஆயினும் இன்றும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உலகில் கண்டுபிடிக்கப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவரே. இவர்களில் சிறுவர்களும் இளைஞர்களும் உண்டு.

சட்டங்கள் மாறிவருவது நன்மையே. 1898ஆம் ஆண்டின் பழைய தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்து ஊனத்தோடு இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு, அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு அளிக்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழி 2019இல் அடைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும் அதில் திருத்தப்பட்டது. ஆனால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும், மறுத்தால் மறுபடி கேட்கவும் ஒருவன் வேண்டும். உரிமையைக் கேட்கும் ஆளை உருவாக்குவதும் பயிற்சியில் சேர்ந்ததே.

இந்தப் பணியில் நாம் தனித்து நிற்கவில்லை. 1874இல் தொடங்கிய தொழுநோய் மிஷன், தமிழ்நாட்டில் வடதொரசலூரிலும், நாசிக், விஜயநகரம் முதலிய இடங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்திவந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களோடு அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே பயின்றிருக்கிறார்கள். தகப்பனின் நோய்க்காகப் பிள்ளை ஒதுக்கப்படும் ஊர்களில் அதுவும் அவசியமான சேவை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

ஆதரவாளர்கள் தையல் மிஷின் வாங்கித் தர ஆவலாயிருக்கிறார்கள். அதற்காக மிகவும் நன்றி செலுத்துகிறோம். மிஷினைப் படம் பிடித்து இதழில் போடலாம். கொடுத்தவரின் பெயரையும் எழுதலாம். விடுதிக் காப்பாளரின் சம்பளத்தையும், சமூக ஊழியரின் பஸ் கட்டணத்தையும், மாலைக் கூட்டத்து விளக்கையும் படம் பிடிக்க முடியாது. ஆகவே அவற்றுக்குக் காணிக்கை குறைவாகவே வருகிறது. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அவைதான். மிஷின் மாத்திரம் மிஞ்சினால், அந்தத் தம்பியைப் போன்றவர்கள் கற்ற தொழிலோடும் மறைத்த புண்ணோடும் நம்மிடம் திரும்பி வருவார்கள். எனவே உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியையாவது, "பயிற்சிப் பணியின் பொதுத் தேவைக்கு" என்று குறித்து அனுப்பும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

மாற்கு சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் ஜெபாலயத்திலிருந்த சூம்பின கையையுடைய மனுஷனைப் பற்றி வாசிக்கிறோம். ஆண்டவர் அவனுடைய கையை எடுத்த எடுப்பில் குணமாக்கவில்லை. ஓரமாய் இருந்தவனை எழுந்து எல்லோருக்கும் நடுவில் நிற்கச் சொன்னார். அதன் பிறகே கையை நீட்டச் சொன்னார். ஜனங்களின் நடுவில் நிற்கப் பழகினவனுடைய கைதான் அன்று நீண்டது. இந்த ஒழுங்கை நமது பட்டறையிலும் கைக்கொள்ள விரும்புகிறோம்.

நமது இளைஞர்களுக்காகவும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிகளுக்காகவும், பஸ்ஸிலும் நடையுமாக அவர்களைத் தேடிப் போகும் ஊழியர்களுக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் ஜெபத்தை நாடும்,
மருத்துவமனைப் போதகர்